சிலேத்தார் வழியே சுபாங்குக்கு

சிங்கப்பூரில் பொங்கோல் நகரின் மேற்கு ஓரத்தில் சுங்கை பொங்கோல் ஓடுகிறது. 2011இல் அதன் முகத்துவாரத்தை அணைகட்டி அடைத்து நன்னீர்த் தேக்கமாக்கினார்கள். இக்கரையில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகள், நடைபாதை, மாலையில் சைக்கிளில் வரும் பிள்ளைகள். அக்கரையில் மரங்களுக்குப் பின்னால் சிலேத்தார் விமான நிலையம். உயர்ந்த மாடியில் குடியிருப்பவர்களுக்குச் சமையலறை ஜன்னல் வழியாகவே சிறு விமானங்கள் இறங்குவது தெரியும். அங்குள்ள ஓடுபாதையின் நீளம் 1,836 மீட்டர். சாங்கி விமான நிலையத்தில் ஓடுபாதை ஒவ்வொன்றும் நான்கு கிலோமீட்டர் போகும். சிலேத்தாரில் அதில் பாதிகூட இல்லை.

அந்தக் குட்டை ஓடுபாதையைச் சில ஆண்டுகள் ஒரு சிறிய விமான நிறுவனம் சிங்கப்பூருக்கான வாசலாக வைத்திருந்தது. அதன் பெயர் ஃபயர்ஃபிளை. மலேசிய ஏர்லைன்சின் குடும்பத்தைச் சேர்ந்தது; விசிறி சுழலும் ஏடிஆர் 72 ரக விமானங்களில் கோலாலம்பூர்ப் பக்கமுள்ள சுபாங்குக்கும் சிலேத்தாருக்கும் இடையே ஆட்களை ஏற்றி இறக்கியது. 2024இன் தொடக்கத்தில் கிள்ளானில் ஓர் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக அதில் போனேன். சிறிய விமான நிறுவனம் எப்படி வளர்கிறது, வளரும்போது யாரைச் சேர்த்துக்கொள்கிறது, யாரை விட்டுவிட்டுப் போகிறது என்ற கேள்வி அந்தப் பயணத்தில் தொடங்கியது. இன்றுவரை என்னை விடவில்லை.

பொங்கோலிலிருந்து சிலேத்தார் நேர்கோட்டில் மிகப் பக்கம். ஆனால் ஆறு குறுக்கே நிற்பதால் சாலை செங்காங் பக்கமாகச் சுற்றி, ஜாலான் காயு வழியாகப் போகிறது. ரொட்டி பராட்டாவுக்குப் பெயர்போன தெரு அது. விடுமுறை நாள் இரவுகளில் தீவின் மறுகோடியிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக அங்கே சாப்பிட வருவார்கள். அந்தத் தெருவின் வடகோடியில்தான் பிரிட்டிஷ் விமானப்படைத் தளத்தின் வாயில் இருந்தது. தளம் 1928இல் இயங்கத் தொடங்கியது. முதலில் வந்தவை நீரில் இறங்கும் சவுத்ஹாம்டன் பறக்கும் படகுகள். 1930இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்துபோன ஏமி ஜான்சன் வழியில் இறங்கியதும் இங்கேதான். சிங்கப்பூருக்கென்று தனியாகப் பொது விமான நிலையம் வரும்வரை பயணிகள் விமானங்களும் இந்தத் தளத்தையே பயன்படுத்தின.

தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். அதிகாரிகள் குடியிருந்த கறுப்பு வெள்ளை பங்களாக்களில் சில இன்றும் நிற்கின்றன. பிக்கடிலி, பார்க் லேன், ஹைட் பார்க் கேட் என்று லண்டன் தெருக்களின் பெயர்களும் அப்படியே இருக்கின்றன. 1941 டிசம்பர் 8ஆம் தேதி விடியுமுன் ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூர்மீது முதல் குண்டுகளை வீசியபோது சிலேத்தாரும் இலக்குகளில் ஒன்று. இப்போது அந்த நிலப்பரப்பு விமானத் தொழிற்பூங்கா. ரோல்ஸ்ராய்ஸ் தொழிற்சாலையில் பெரிய ஜெட் விமானங்களுக்கான என்ஜின்களைப் பூட்டுகிறார்கள். ஏர்பஸ்ஸின் பயிற்சி மையத்தில் ஆசியாவின் பல நாட்டு விமானிகள் பழகுகிறார்கள். உலகின் பெரிய விமானங்களுக்கான வேலை இத்தனை நடக்கும் இடத்தில், பயணிகள் ஏறுவதற்கு வந்து நின்றது ஒரு சிறிய விமானம்.

2018 நவம்பர் 19ஆம் தேதி சிலேத்தாரில் புதிய பயணிகள் முனையம் திறக்கப்பட்டது. செலவு எட்டுக் கோடி வெள்ளி. ஆண்டுக்கு ஏழு லட்சம் பயணிகளைக் கையாளும் வசதி. சாங்கியோடு ஒப்பிட்டால் இது ஒரு மூலைக்குக்கூட வராது. ஆனால் அந்தச் சிறுமைதான் அதன் அருமை. டாக்சியிலிருந்து இறங்கிப் பெட்டியைக் கொடுத்து, கடப்பிதழ் சோதனை முடித்து, புறப்பாட்டுக் கூடத்தில் உட்காரும்வரை எந்த இடத்திலும் நீண்ட வரிசை இல்லை. வழிகாட்டிப் பலகைகளைத் தேட வேண்டியதில்லை. வயதானவர்கள் எவர் கையையும் பிடிக்காமல் நடந்துபோகும் தொலைவில் எல்லாம் இருந்தது.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். மகள் வீடு செங்காங்கில். சொந்த வீடு கிள்ளான் பக்கம். பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

“பஸ்ல போனா அஞ்சு மணி நேரம், ஆறு மணி நேரம் உக்காரணும் தம்பி. முட்டி தாங்காது. அந்தப் பெரிய ஏர்போர்ட்ல நடந்தே அலுத்துடும். இதுன்னா மக காலையில கொண்டாந்து விட்டா, மத்தியானச் சோறு நம்ம வீட்டுல” என்றார்.

“டிக்கெட் விலை எப்படிங்கம்மா?” என்று கேட்டேன்.

“முன்கூட்டியே எடுத்தா கட்டுப்படியாகும். மக எடுத்துக் கொடுத்துடுவா” என்று சிரித்தார்.

விமான நிறுவனங்களின் வளர்ச்சியை நாம் விமானங்களின் எண்ணிக்கையில் அளக்கிறோம், இருக்கைகளில் அளக்கிறோம், லாபத்தில் அளக்கிறோம். அந்த அம்மாவின் அளவு மத்தியானச் சோறு. அதையும் கணக்கில் வைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விமானத்துக்குத் தளத்தில் நடந்தே போனோம். ஏடிஆரில் பயணிகள் ஏறும் கதவு வாலருகே இருக்கிறது. சரக்கு முன்பக்கம், விமானியறைக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவில். படிகள் விமானத்தோடு சேர்ந்தே மடங்கி இறங்குபவை என்பதால் தனியாக ஏணி வண்டி தேவையில்லை. நடுவில் ஒரு நடைபாதை, இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகள். இறக்கை உடலுக்கு மேலே பொருத்தப்பட்டிருப்பதால் எந்த ஜன்னலிலிருந்தும் தரை மறைவதில்லை. இந்த ரகம் 25,000 அடிக்கு மேல் ஏறுவதில்லை. குறுகிய பயணங்களில் அவ்வளவு உயரம்கூடத் தேவைப்படாது. மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் அளவில் போகும். ஜெட்டைவிட மெதுவான விமானம்தான். ஆனால் முந்நூறு கிலோமீட்டர்ப் பயணத்தில் ஜெட் தன் வேகத்தைக் காட்டுவதற்குள் இறங்கும் நேரம் வந்துவிடும். மேலே ஏறுவதற்கே ஜெட் நிறைய எரிபொருளைச் செலவழிக்கும். குறுகிய தூரத்தில் விசிறி விமானம் சிக்கனமாக இருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

புறப்பட்ட சற்று நேரத்தில் ஜோகூர் நீரிணை கீழே வந்தது. பாசிர் கூடாங் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும் எண்ணெய்க் கொள்கலன்களும் தெளிவாகத் தெரிந்தன. பிறகு செம்பனைத் தோட்டங்கள், வரிசை வரிசையாக, கண்ணுக்கெட்டிய தூரம்வரை. இந்த நிலத்தில் முன்பு ரப்பர் நட்டதும் காட்டை அழித்துச் சாலை போட்டதும் தண்டவாளம் பதித்ததும் பெருமளவு நம் முன்னோர். ராஜுலா கப்பலிலும் பிறகு எம்.வி. சிதம்பரத்திலும் வந்து இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் நீரிணையின் இரு பக்கமும் இன்று பிரிந்து வாழ்கிறார்கள். இருபுறமும் திருமணம், சாவு, காதுகுத்து, தைப்பூசம் என்று போக்குவரத்து ஓய்வதே இல்லை.

சிங்கப்பூரிலிருந்து வடக்கே கோலாலம்பூர் போகும் இந்த வழிதான் சிங்கப்பூர்-மலாயா விமானத் தொழில் பிறந்த வழியும்கூட. 1937 ஜூன் 12இல் காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. அதே மாதம் 28ஆம் தேதி வேர்ன்ஸ் ஏர் சர்வீசஸ் என்ற சிறிய நிறுவனம் அங்கிருந்து கோலாலம்பூர் வழியாகப் பினாங்குக்கு முதல் சேவையைத் தொடங்கியது. நடத்தியவர்கள் கார் வியாபாரம் செய்துவந்த வேர்ன் சகோதரர்கள். விமானம் டிராகன் ரேப்பிட். மரச்சட்டத்தில் துணி போர்த்திய ஈரடுக்கு இறக்கை விமானம், எட்டுப் பேர் வரை உட்காரலாம். போர் வந்தது. நிறுவனம் அத்தோடு முடிந்தது.

போருக்குப் பிறகு அதே காலாங்கிலிருந்து, 1947 மே 1இல், மலாயன் ஏர்வேஸ் கிளம்பியது. நிறுவனத்தை 1937லேயே பதிவுசெய்திருந்தார்கள்; பறக்கப் பத்தாண்டு ஆனது. ஐந்தாறு பேர் ஏறக்கூடிய ஏர்ஸ்பீட் கான்சல் விமானம், வாரம் மூன்று முறை, கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு. அந்தச் சின்னஞ்சிறு தொடக்கம் 1963இல் மலேசியன் ஏர்வேஸ் ஆயிற்று. 1966இல் மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆயிற்று. இரண்டு நாடுகளும் பிரிந்தபின் நிறுவனமும் பிரிந்து, 1972 அக்டோபர் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தனி வழியில் பறந்தது. மறு பாதி மலேசிய விமான நிறுவனமாயிற்று. உலகமே பேசும் ஒரு நிறுவனமும் ஒரு தேசத்தின் கொடியைத் தாங்கும் இன்னொரு நிறுவனமும் ஒரே விதையிலிருந்து முளைத்தவை. அந்த விதை ஊருக்கும் ஊருக்கும் இடையே ஐந்தாறு பேரை ஏற்றிச் சென்ற ஒரு சேவை.

சுபாங்கில் இறங்கியதும் வேறு வகையான வரலாறு எதிரே வருகிறது. 1965இல் திறக்கப்பட்ட அந்த விமான நிலையம் மலேசியாவின் முதன்மை வாசலாக இருந்தது. 1998இல் சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் (கேஎல்ஐஏ) வந்ததும் பெரிய விமானங்கள் எல்லாம் அங்கே போய்விட்டன. கேஎல்ஐஏ நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். சுபாங்கோ பெட்டாலிங் ஜெயாவுக்கும் ஷா ஆலமுக்கும் கிள்ளானுக்கும் பக்கத்தில். பெரியவர்கள் காலிசெய்த வீட்டில் சிறியவர்கள் குடியேறினார்கள். 2007 ஏப்ரல் 3ஆம் தேதி பினாங்கிலிருந்து ஃபோக்கர் 50 விமானங்களில் பறக்கத் தொடங்கிய ஃபயர்ஃபிளை, அதே ஆண்டில் சுபாங்கையும் தன் தளமாக்கிக்கொண்டது. பிறகு ஏடிஆர் விமானங்களை வாங்கிக் கிளை விரித்தது. கோத்தா பாரு, அலோர் ஸ்டார், ஜோகூர் பாரு என்று பெரிய ஜெட்களுக்குக் கூட்டம் போதாத வழிகள் அதற்குப் பொருந்தின. சிங்கப்பூருக்குச் சுபாங்கிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் குவாந்தானிலிருந்தும் வந்தது. முதலில் இறங்கியது சாங்கியில்.

சாங்கியில் அதற்கு இடம் நெருக்கடியாயிற்று. விசிறி விமானம் மெதுவாக வரும். பெரிய ஜெட் கிளப்பும் காற்றுச்சுழலில் மாட்டாமலிருக்க அதற்குப் பின்னால் அதிக இடைவெளி விட வேண்டும். எழுபது பேர் வரும் ஒரு விமானம் முந்நூறு பேர் வரக்கூடிய ஒரு விமானத்தின் நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே விசிறி விமானச் சேவைகளைச் சிலேத்தாருக்கு மாற்றச் சிங்கப்பூர் முடிவெடுத்தது. புதிய முனையம் கட்டியதன் நோக்கமே அதுதான். 2018 டிசம்பர் 1ஆம் தேதி ஃபயர்ஃபிளை இடம்மாற வேண்டியிருந்தது.

அன்று விமானம் வரவில்லை. சிலேத்தாரில் தரையிறங்க உதவும் வானொலி அலை வழிகாட்டி முறையைச் சிங்கப்பூர் கொண்டுவரவிருந்தது. வடக்கிலிருந்து இறங்கும் பாதை பாசிர் கூடாங்கின் மேல் போகும். அதனால் துறைமுகத்தில் கட்டடங்களின் உயரத்துக்கும் வளர்ச்சிக்கும் தடை வரும் என்று மலேசியா எதிர்த்தது. சிங்கப்பூர் சேவைகளை ஃபயர்ஃபிளை நிறுத்திவைத்தது. சிங்கப்பூர் சேவைகளை ஃபயர்ஃபிளை நிறுத்திவைத்தது. இரு நாட்டு அமைச்சர்களும் பேசினார்கள். 2019 ஏப்ரலில் உடன்பாடு வந்தது: சிங்கப்பூர் அந்த முறையைத் திரும்பப் பெற்றது, மலேசியா தடையைக் காலவரையின்றி நிறுத்திவைத்தது, செயற்கைக்கோள் வழிகாட்டலில் இறங்கும் முறையைச் சேர்ந்து வகுப்பதென்று தீர்மானமாயிற்று. ஏப்ரல் 21இல் முதல் ஏடிஆர் சிலேத்தாரில் இறங்கியது.

சிறிய நிறுவனத்தின் நிலைமை இதில் முழுதாகத் தெரிகிறது. பெரிய நிறுவனம் ஒரு வழி அடைபட்டால் நூறு வழிகளில் பிழைத்துக்கொள்ளும். சிறிய நிறுவனத்துக்கு ஒரு வழியே ஒரு கால். அண்டை நாடுகள் முகம் திருப்பினால் அது நொண்டும். தாய் நிறுவனத்தின் கணக்கு மாறினால் திசை மாறும். 2011இல் ஃபயர்ஃபிளை போயிங் 737 ஜெட்களை இயக்கியது. மலேசிய ஏர்லைன்சும் ஏர் ஏசியாவும் பங்குப் பரிமாற்றம் செய்துகொண்ட அந்த ஆண்டிலேயே அந்தச் சேவை நின்றது. 2020இல் கொள்ளைநோய் எல்லா வழிகளையும் மூடியது. சிலேத்தார் சேவை மீண்டும் தொடங்க 2022 ஆயிற்று.

அந்த ஆண்டே ஜெட் கனவும் திரும்ப வந்தது. முதலில் பினாங்கிலிருந்து போயிங் 737கள் பறந்தன. 2024இல் சுபாங்கும் ஜெட்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நிறுவனம் வளர்ந்தது, தூரம் கூடியது, இருக்கைகள் பெருகின. 2025 ஜூன் 9 முதல் சுபாங்-சிலேத்தார் சேவை நிறுத்தப்பட்டது. அந்த முனையத்தில் கால அட்டவணைப்படி பயணிகளைக் கொண்டுவந்த ஒரே விமானம் அதுதான்.

அதன்பிறகு ஒரு நாள் பொங்கோலிலிருந்து மறுபடியும் சிலேத்தாருக்குப் போனேன். தனியார் ஜெட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தன. பழுதுபார்க்கும் கொட்டகைகளில் வேலை நடந்துகொண்டிருந்தது. பயிற்சி விமானம் ஒன்று திரும்பத் திரும்ப வட்டமடித்தது. தொழிற்பூங்காவுக்கு எந்தக் குறையும் இல்லை. குறைந்தது பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்புகிறவர்களுக்குத்தான்.

வளர்ச்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. வளராவிட்டால் சிறிய நிறுவனம் சாகும்; வரலாற்றில் ஒரு வரியாகிவிடும். ஆனால் இந்த வட்டாரத்தில் வளர்ச்சி ஒரே திசையில் போவதைக் கவனிக்க வேண்டும். டிரேட்விண்ட்ஸ் என்று பறக்கத் தொடங்கி 1992இல் சில்க்ஏர் ஆன நிறுவனம் 2021இல் தாய் நிறுவனமான சிங்கப்பூர் ஏர்லைன்சில் கரைந்தது. 2004இல் மலிவு விலையில் கிளம்பிய டைகர் ஏர்வேஸ் பின்னாளில் திருச்சிக்கும் சென்னைக்கும் பறந்து எத்தனையோ தொழிலாளர்களை ஊருக்குக் கொண்டுசேர்த்தது. 2017இல் அது இன்னொரு மலிவு விலை நிறுவனமான ஸ்கூட்டோடு ஒன்றானது. சிறியவை பெரியவற்றுக்குள் போகும்போது சிறிய வழிகள் கேட்பாரற்றுப் போகின்றன. கொஞ்ச காலம் கழித்து, அந்த வழிகளில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று பெரியவர்களே மறுபடி கண்டுபிடிக்கிறார்கள். 2024 மே மாதம் ஸ்கூட் 112 இருக்கைகள் கொண்ட எம்பிரேயர் விமானங்களைக் கொண்டுவந்து கிராபிக்கும் ஹாட் யாய்க்கும் பறக்கத் தொடங்கியது. பிறகு சிபு போன்ற ஊர்களும் சேர்ந்தன. பெரிய விமானம் நிரம்பாத ஊருக்கும் விமானம் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. போரால் பல்லாண்டு அடைந்து கிடந்த பலாலி விமானத் தளத்தை 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். அடுத்த மாதம் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் வந்தது. கொள்ளைநோயில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பியது. 2024 செப்டம்பரில் சென்னையிலிருந்து இண்டிகோவும், 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்து இன்னொரு சேவையும் சேர்ந்தன. வந்தவை எல்லாம் சிலேத்தாரில் நான் ஏறிய அதே ஏடிஆர் 72 ரகம். கொழும்புக்குப் பறந்து அங்கிருந்து நாள் முழுக்கத் தரைவழியே வடக்கே போனவர்கள் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்து சொந்த மண்ணில் இறங்குகிறார்கள். குட்டையான ஓடுபாதையில் இறங்கத் தெரிந்த விமானம் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது.

சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையேயான அதிவேக ரயில் திட்டம் 2021 தொடக்கத்தில் கைவிடப்பட்டது. பேருந்து நெரிசலும் எல்லைச் சோதனை வரிசைகளும் பயணிகள் எல்லோரும் அறிந்தவை. இந்த நிலையில் சிலேத்தாரில் கட்டிமுடித்த முனையமும் ஓடுபாதையும், அரும்பாடுபட்டு எட்டிய வான்வழி உடன்பாடும் நம் கையில் இருக்கின்றன. சிறிய விமானத்துக்குத் தரையிறங்கும் கட்டணத்தைக் குறைக்கலாம். சுபாங், குவாந்தான் போன்ற வழிகளுக்குக் குறிப்பிட்ட காலம்வரை இரு அரசுகளும் ஊக்கம் தரலாம். சாலையையும் பாலத்தையும் லாபக்கணக்கை மட்டும் பார்த்து நாம் கட்டுவதில்லை. அந்தப் பக்கம் இருக்கும் மனிதர்களை எண்ணிக் கட்டுகிறோம். குறுகிய வான்வழிகளையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஏனென்றால் இந்த நகரத்தின் விமானப் பெருமை முழுவதும் வாரம் மூன்று முறை பறந்த ஒரு சிறு விமானத்தில் தொடங்கியது. அப்படிப்பட்ட சேவைக்கு இன்றும் ஓர் ஓடுபாதையை ஒதுக்கிவைப்பது சிங்கப்பூரால் முடியாத காரியம் அல்ல. ஆற்றுக்கு இக்கரையில் வாழும் எங்களுக்கு அது அன்றாடத் தேவையும்கூட.